தொட்டுப் பார்க்கும் வழக்கம்

“நான் சொல்றதை முதல்ல கேளு...”

“கேட்டுக் கேட்டுத்தான் கை இப்படி ஆயிருக்கு, அண்ணா!”

“பசை மேல பழி போடாதே. உன் தோல் அப்படி!”

புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் நொடியில் இறுகிவிடும் அந்தப் பசையை உருவாக்கியவள் தங்கை. ஆய்வகம் அண்ணனுடையது. பசை சரியாக இறுகியதா என்று அறிய, கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தொட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். கையுறை போட்டால் பிசுபிசுப்பு தெரியாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அரைகுறையாக இறுகிய பசை நாளடைவில் தோலுக்குள் இறங்கி, இப்போது அவள் விரல்களெல்லாம் கொப்பளித்து வெடித்திருந்தன. இனி ஆயுசுக்கும் இந்தப் பசைகளின் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நாளைக்கு இந்தப் பசையை வாங்கப் பிளாஸ்திரி கம்பெனிக்காரங்க வர்றாங்க. தோலுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு. செஞ்சவ நீதானே?”

“அது இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துதா?”

“குத்திக் காட்டாதே. கண்ட சோப்பையும் போட்டுக் கையைக் கெடுத்துக்கிட்டு...”

“அண்ணி போடற அதே சோப்புதான். அவங்க கை நல்லாத்தானே இருக்கு?”

அவன் தன் கையுறையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான். விளக்கின் கீழிருந்த கண்ணாடித் தகட்டை அவள் இடுக்கியால் எடுத்து அவன் முன்னால் வைத்தாள். ஓரங்களில் பசை இன்னும் ஈரமாக மின்னியது.

“சொல்றேன். அதுக்கு முன்னாடி கிளவுஸைக் கழட்டிட்டு இதை ஒரே ஒரு தடவை தொட்டுக் காட்டுங்க, அண்ணா.”