மஞ்சள் கவுன்

வீட்டுவசதி அலுவலகத்துக்கு எதிரே நடைபாதையில் அவர்கள் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். குடியிருந்த கட்டடத்தை இடித்தாயிற்று. மாற்று வீடு உண்டா இல்லையா என்று வெள்ளிக்கிழமை முடிவு. அதற்குள் குழந்தைகள் படம் பத்திரிகையில் வந்தால் அதிகாரிகள் மறுக்கக் கொஞ்சம் தயங்குவார்கள் என்றார் என் மாலைநேரப் புகைப்பட வகுப்பு ஆசிரியர். பகலில் கிடங்கில் பெட்டி அடுக்குகிற என்னை ஏன் அனுப்பினார் என்று யோசித்துப் பார்த்தேன். வேறு யாரும் கை தூக்கவில்லை, அவ்வளவுதான்.

முகாமை நடத்தியவர் ஒரு தையல்காரர். எல்லோருக்கும் அக்கா.

"பிள்ளைங்களை இருக்கிறபடியே எடுத்துக்கிறேன்க்கா."

"இருக்கிறபடின்னா? மூக்கு ஒழுகிக்கிட்டா? உன் வீட்டுப் பிள்ளையை அப்படி எடுப்பியா தம்பி?"

கேமராவைக் கீழே இறக்கினேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பிள்ளைகளுக்கு முகம் கழுவித் தலை வாரினார்கள். முகாமில் நல்ல உடுப்பு ஒன்றுதான்: அக்கா தன் மகளுக்குத் தைத்த மஞ்சள் கவுன். முதலில் மகள் வந்து நின்றாள். எடுத்ததும் தார்ப்பாய்க்குப் பின்னால் ஓடினாள். அதே கவுனில் அடுத்தவள் வந்தாள். கடைசியாகக் கொஞ்சம் பூசினாற்போன்ற ஒருத்தி, முதுகில் பொத்தான் போடாமல்.

"மூச்சு விடாதடி. கவுன் கிழிஞ்சா உங்கம்மா தோலை உரிச்சுத் தச்சிருவேன்" என்றார் அக்கா.

"எங்கம்மா தோலு உனக்குப் பத்தாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தப் படம்தான் நன்றாக வந்தது.

படங்களை வரிசையாகப் போட்டால் ஒரே கவுன் என்பது பார்க்கிறவர்களுக்குப் புரியும் என்று நினைத்தேன். பத்திரிகைக்கு அப்படித்தான் கொடுத்தேன். இடமில்லை என்று சிரிக்கிறவளை மட்டும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அக்காவும் நானும் உள்ளே போனபோது, அதிகாரியின் மேசையில் அந்தப் பத்திரிகைப் பக்கம் விரிந்து கிடந்தது.

"புது கவுன், கொழுகொழுன்னு பிள்ளை. இவங்களா கஷ்டப்படுறவங்க?"

நான் பையிலிருந்த மற்ற படங்களை எடுத்துப் பரப்பினேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"சார், கவுன் ஒன்னுதான். மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டாங்க."

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கோபம் வரவில்லை. நிம்மதி அடைந்தவர் போலத்தான் இருந்தார்.

"அப்போ இது வேஷம் கட்டி எடுத்த படம். நீயே சொல்லிட்டியேப்பா." பக்கத்தில் இருந்தவரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

"சுத்தமா நின்னா நாங்க ஏழை இல்ல. அழுக்கா நின்னா பிள்ளை வளர்க்கத் தெரியாதவங்க. வேற எப்படி சார் நிக்கிறது?" என்றார் அக்கா.

"அது எனக்குத் தெரியாதும்மா. வீடு கிடையாது. சாயங்காலத்துக்குள்ள நடைபாதையைக் காலி பண்ணிடுங்க."

தார்ப்பாயின் முடிச்சுகளை நான் அவிழ்த்தேன். அக்கா தடுக்கவில்லை. சிரித்த பெண்ணின் அம்மா மட்டும் பக்கத்தில் வந்தாள். அவள் பத்திரிகையைப் பார்த்திருக்கவில்லை.

"படத்துல நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா."

"சரி" என்றுவிட்டுப் பாத்திரங்களை மூட்டை கட்டப் போனாள். எங்கே போகப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.