ஐந்தாவது முட்டை

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு வென்டல் வீட்டுக்குக் கீழே நிலவறையில் இன்குபேட்டரைத் திறந்தபோது ஐந்து முட்டைகளில் ஒன்றில் கீறல் விழுந்திருந்தது. நகத்தால் இழுத்தது போல ஒரு சின்னக் கோடு, அதன் ஓரத்தில் கொஞ்சம் ஈரம். ஐம்பத்தேழாவது நாள். இன்றோ நாளையோ என்று கணக்குப் போட்டு வைத்திருந்ததுதான். கதவை உடனே மூடினார். சூடு வெளியே போய்விடும் என்பது ஒரு காரணம். தன் கையைத் தன்னாலேயே நம்ப முடியாதது இன்னொரு காரணம். சின்னக் கத்தரி இன்குபேட்டருக்கு மேலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாம்பு வளர்க்கிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒரு முட்டையைக் குட்டி தானாகக் கீறிவிட்டால் மற்ற முட்டைகளின் தோலையும் கத்தரியால் ஓரமாகத் திறந்து, உள்ளே என்ன நிறம் என்று பார்த்துவிடலாம். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள்.

அவர் மகளுக்குச் செய்தி அனுப்பினார். "ஒண்ணு கீறிடுச்சு."

இருபது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. "வர்றேன். கத்தரிய எடுக்காதீங்க."

அதை நான்கு முறை படித்தார். பெற்ற தகப்பன்மேல் இவ்வளவு நம்பிக்கை. ஆனால் முதல் வார்த்தை நன்றாக இருந்தது. நான்கு வருஷமாக அவருடைய ஃபோனுக்குள் அந்த வார்த்தை வந்ததே இல்லை.

கதை ஆறு வருஷத்துக்கு முந்தையது. டோகோவிலிருந்து வந்து இறங்கிய ஒரு சரக்குப் பெட்டியில் நூறு பந்து மலைப்பாம்புக் குட்டிகள் இருந்தன. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுப் பிராணிகள், எல்லாம் ஒரே கறுப்பும் பழுப்பும். வென்டல் பெண் குட்டிகளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பதினெட்டு வயது கோரின் அடியில் கையை விட்டு ஒரு ஆண் குட்டியை எடுத்தாள். அதன் உடம்பு பால் அதிகமாகப் போன டீ நிறத்தில் இருந்தது. முதுகில் தலையிலிருந்து வால்வரை ஒரு புள்ளிகூட இல்லாமல் ஒரு பாதை. "அப்பா, இது வேற," என்றாள். அவருக்கு அது வெயிலில் காய்ந்த குட்டியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் வாங்கினார். மனைவி நடீன் அப்போது உயிரோடு இருந்தாள், வீட்டில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

வித்தியாசமாக ஒரு பாம்பு கிடைப்பது பெரிய விஷயமில்லை. அந்த வித்தியாசம் ரத்தத்தில் இருக்கிறதா, அல்லது ஒருநாள் கூத்தா என்று நிரூபிப்பதுதான் பெரிய விஷயம். அந்த ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தார்கள். ஏழு குட்டிகள் வந்தன, ஏழும் சாதாரணம். அதனால் ஒன்றும் முடிந்துபோகவில்லை. நிறம் குட்டிகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கலாம். பெண் குட்டிகளை மூன்று வருஷம் வளர்த்து, தகப்பனோடேயே திரும்பச் சேர்த்தால், ஒளிந்திருப்பது பாதிக் குட்டிகளில் வெளியே வரும். அப்படி நிரூபிக்கிறவர்தான் அந்த நிறத்துக்குப் பேர் வைக்க வேண்டும். உலகம் முழுக்க அதே பேரில்தான் அது போகும். கோரின் மனசுக்குள் ஒரு பேர் வைத்திருந்தாள், சொல்ல மாட்டேன் என்றாள். ஆணின் பெட்டியில் டேப் ஒட்டி அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது: "பேர் இன்னும் இல்லை."

வென்டல் ஹீட்டர், ஏசி பழுது பார்க்கிறவர். அன்றே பிரித்து, அன்றே மாட்டி, அன்றே ஓடவிட்டு வரும் வேலை. மூன்று வருஷம் காத்திருப்பது அவருடைய உடம்பிலேயே கிடையாது. அதற்கிடையில் நடீன் போய்ச் சேர்ந்தாள். அவள் போன நாலாம் மாதம், பற்களைச் சுத்தம் செய்யும் படிப்புக்கு இந்தியானாவில் இடம் கிடைத்திருக்கிறது, ரெண்டு வருஷம்தான், குட்டிகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள் கோரின். அடுத்த சனிக்கிழமை அவள் கடை வேலைக்குப் போயிருந்தபோது, அவர் ஏழு குட்டிகளையும் பிளாஸ்டிக் கிண்ணங்களில் போட்டுப் பாம்புச் சந்தைக்குக் கொண்டுபோனார். மத்தியானத்துக்குள் மேஜை காலி.

சாயங்காலம் வந்து கீழே போனவள் வெகுநேரம் மேலே வரவில்லை. வந்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"என்னன்னு சொல்லி வித்தீங்க?"

"சாதாரணம்னு."

அவள் ஒரு வாரத்தில் கிளம்பிப் போனாள். படிப்பு முடிந்தது, அங்கேயே வேலை, அங்கேயே வீடு. கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும், அதில் அவள் பேர் மட்டும் இருக்கும். பந்து மலைப்பாம்பு கோபித்துக்கொண்டால் ஆறு மாதம் ஒரு வாய் தின்னாது. எலியை மூக்குக்கு நேரே ஆட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தன் மகளும் அந்த ஜாதிதான் என்று வென்டல் நினைத்துக்கொள்வார். அவசரப்பட்டால் கெட்டுப்போகும் என்பதும் தெரியும். தெரிந்து என்ன, குடி முழுகின பிறகு.

போன அக்டோபரில் திடீரென்று வாசலில் அவளுடைய கார் நின்றது. கையில் முடிச்சுப் போட்ட தலையணை உறை, உள்ளே கனமாக ஒன்று அசைந்தது. விற்ற ஏழில் ஒன்று. சந்தையில் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, மூன்று வருஷத்துக்கு மேல் அலைந்து கண்டுபிடித்திருக்கிறாள். ஒரு சின்ன ஊர் நூலகத்தில் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வைத்திருந்தார்களாம், பிஸ்கட் என்று பேராம். கழுத்தின் இடப்பக்கம் சாவித் துவாரம் போல ஒரு கறுப்பு அடையாளம். குட்டியாக இருந்தபோது எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்துத்தான் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"பையன் உங்ககிட்ட. பொண்ணு எங்கிட்ட. என்ன பண்றது," என்றாள். "சேத்து வைங்க. முட்டை வந்தா சொல்லுங்க." காலணியைக் கழற்றவில்லை. காபி வேண்டாம் என்றாள். கீழே இறங்கி ஆண் பாம்பை மட்டும் பார்த்துவிட்டு, நாற்பது நிமிஷத்தில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் பாம்பைப் பற்றித்தான். 'ரெண்டும் சேந்துடுச்சு.' 'சரி.' 'வயிறு உப்பியிருக்கு.' 'படம் அனுப்புங்க.' 'சட்டை உரிச்சிருக்கு.' 'தேதி குறிச்சு வைங்க.' முட்டை போட்ட அன்று மட்டும் அவளிடமிருந்து 'ஐயோ!' என்று வந்தது. அந்த ஆச்சரியக்குறியை அவர் ஒரு வாரம் தூக்கிக்கொண்டு திரிந்தார். கொஞ்ச நாளாக இன்னொரு பயமும் பிடித்துக்கொண்டது. நிறம் வராவிட்டால் அவள் இங்கே வருவதற்கு இனிமேல் காரணமே இல்லை. வந்துவிட்டாலோ, பேர் வைத்துவிட்டுப் போய்விடுவாள், அப்புறமும் காரணம் இல்லை. நிறம் யாருக்கு வேண்டும்? அவருக்கு மகள் வேண்டும். மாடியில் இன்னொருத்தர் நடக்கிற சத்தம் வேண்டும்.

ஒன்பது மணிக்குக் கிளைட் ஃபோன் செய்தான். முப்பது வருஷமாகப் பாம்பு வளர்ப்பவன், அதைவிட அதிக வருஷமாக வாயை வளர்ப்பவன்.

"என்னப்பா, அஞ்சையும் வெட்டிப் பாத்தாச்சா?"

"தொடவே இல்ல."

"யார்கிட்ட கதை விடுற? கேக்கை அடுப்புல வச்சுட்டு நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து பாத்து அமுங்கிப்போக விட்ட ஆளுதானே நீ? நடீன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"கோரின் வர்றா, கிளைட்."

அவன் அடுத்த கேலியைப் பாதியிலேயே விழுங்கினான். கிளைட்டின் வாய் அப்படி நிற்பது லேசில் நடக்கிற காரியமல்ல. "அப்ப நான் வைக்கிறேன்," என்றான். "நீ முதல்ல அந்தச் சட்டைய மாத்து. எனக்குத் தெரியும், நீ என்ன சட்டை போட்டிருப்பேன்னு."

சட்டையை மாற்றினார். ஹாம் இறைச்சித் துண்டு வைத்து ரொட்டி தயார் செய்து ஈரத்துணி போட்டு மூடினார். கீழே போய் இன்குபேட்டரின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மேலே வந்தார். மறுபடி கீழே போனார். கீறலில் இப்போது ஒரு மூக்கு நுனி தெரிந்தது. கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் என்ன நிறமென்று தெரியவில்லை. கதவைத் திறந்தால் தெரிந்துவிடும். இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

பன்னிரண்டேகாலுக்கு வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். முகம் அப்படியே நடீன். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"எதையும் தொடலயே?"

"சத்தியமா இல்ல."

அவள் அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு படியில் இறங்கினாள்.

இன்குபேட்டரிலிருந்து முட்டைப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்து விளக்கை இழுத்தார்கள். கீறிய முட்டையில் குட்டி தலையை முழுசாக வெளியே நீட்டியிருந்தது. கறுத்த தலை, கன்னத்தில் வழக்கமான பழுப்புக் கோடு.

"சாதாரணம்," என்றாள் கோரின்.

அந்த வார்த்தை அவருக்குக் காதில் சுரீரென்றது. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, அதற்கு வேறு வார்த்தையும் இல்லை. கத்தரியை எடுத்தாள். இரண்டாவது முட்டையின் தோலில் நுனியைச் செருகி, ஜன்னல் மாதிரி மூன்று பக்கம் வெட்டி மடித்தாள். உள்ளே ஈரத்தில் சுருண்டு கிடந்தது கறுப்பும் பழுப்பும். மூன்றாவது. அதுவும். நான்காவதைத் திறந்தாள். விரலால் ஓரத்தை விலக்கினாள், விளக்கைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னாள். கறுப்பும் பழுப்பும்.

மிச்சம் ஒன்று. ஐந்திலும் சிறியது, ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருந்தது. ஐந்தும் பொய்த்துப்போக முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்று முட்டை போட்ட நாளிலிருந்து அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் கணக்கெல்லாம் கரைந்து ஒரே முட்டைக்கு வந்து நின்றுவிட்டது. பூவா தலையா, அவ்வளவுதான். கத்தரியின் நுனி முட்டையைத் தொட்டது. அவள் வெட்டாமல் எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"விடும்மா," என்றார் வென்டல்.

அவள் நிமிர்ந்தாள்.

"அத வெட்ட வேணாம். தானா வரட்டும்."

"ரெண்டு நாள் ஆகும்பா."

"ஆகட்டும்."

"நீங்களா சொல்றீங்க?" அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "நாலு வருஷம் முன்னாடி இந்த வாய் எங்க போச்சு?"

அவர் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷத்துல வந்துருவேன்னு நீ சொன்னதோ, குட்டிங்கள பாத்துக்கங்கன்னு சொன்னதோ, எதுவும் எனக்குக் காதுல ஏறல. போறேன்னு சொன்னது மட்டுந்தான் ஏறிச்சு. உங்கம்மா போயி நாலு மாசங்கூட ஆகல. நீயும் போற. பண்ணிட்டேன். பண்ணியிருக்கக் கூடாது."

மூலையில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முதல் குட்டி நாக்கை நீட்டி இருவரையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திரும்ப முட்டைக்குள் இழுத்துக்கொண்டது.

"திங்கக்கிழமை காலைல எனக்கு வேலை," என்றாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே."

அவள் கத்தரியைத் துடைத்து ஆணியில் மாட்டினாள். ஐந்தாவது முட்டையைச் சுற்றி ஈரப் பஞ்சை ஒழுங்குபடுத்திப் பெட்டியை மூடி இன்குபேட்டருக்குள் வைத்தாள். எண்பத்தொன்பது டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறதா என்று பார்த்தாள். பிறகு காலணியைக் கழற்றிப் படியோரம் விட்டாள்.

"காபி இருக்கா?"

"இருக்கு. இதோ போடுறேன்."

"இதுங்க எல்லாத்துக்கும் பெட்டி வேணுமே. காலியா எதாவது இருக்கா?"

"மேல் வரிசையில ரெண்டு இருக்கு, நான் கழுவித் தர்றேன். மத்தது கிளைட் தருவான்." படியில் ஒரு கால் வைத்தவர் சட்டென்று திரும்பினார். "கீழ பாக்க வேணாம்மா. அதெல்லாம்..."

அவள் ஏற்கெனவே பாம்புப் பெட்டிகளை அடுக்கிய தாங்கியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடி வரிசையில் ஏழு பெட்டிகள். அவள் அந்தக் காலத்தில் ஒட்டிய டேப், ஒன்று முதல் ஏழு வரை, ஓரம் சுருண்டு இன்னும் இருந்தது. முதல் பெட்டியை இழுத்தாள். பாம்பு இல்லை. தரையில் புதுக் காகிதம் விரித்திருந்தது. மூலையில் கிண்ணம் நிறையத் தண்ணீர், இழுத்த வேகத்தில் தளும்பியது. இரண்டாவதை இழுத்தாள். மூன்றாவதை. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாப் பெட்டிகளுக்கும் காகிதமும் தண்ணீரும் மாற்றும்போது கை தானாக அங்கேயும் போய்விடும், அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தார் வென்டல்.

அதற்குள் அவள் ஏழையும் இழுத்துவிட்டாள். ஏழு கிண்ணங்களிலும் விளக்கின் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டிக்குள் கையை விட்டு உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். அடியில் சூட்டுப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. நான்கு வருஷமாக யாரும் இல்லாத பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. அவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.