தங்க ஆமையின் விலை

கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலை வைத்திருந்த கண்ணாயிரத்துக்கு ஆண்டவன் எல்லாம் கொடுத்திருந்தான். கூடவே தியாகதுருகத்தில் செல்லமுத்து என்று ஒருவரையும் கொடுத்திருந்தான்.

செல்லமுத்து உரக்கடைக்காரர். பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. அன்று தொடங்கியது போட்டி. ஒருவர் கார் வாங்கினால் மற்றவர் அதைவிட நீளமான கார் வாங்குவார். ஒருவர் கோயிலுக்கு மணி கொடுத்தால் மற்றவர் அடுத்த தெரு வரை கேட்கும் மணி கொடுப்பார். இப்படிப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு, எந்த வேளையிலோ, நினைவுத் தங்கக் காசு சேர்க்கும் பித்துப் பிடித்தது.

மன்னருக்குக் கல்யாணம், விடுதலைக்கு ஐம்பது வயது என்று ஏதாவது ஒரு நாடு தங்கத்தில் காசு அடித்து விற்கும். அதைக் கொண்டு போய்க் கடையில் தீப்பெட்டி வாங்க முடியாது. கழுத்தில் போட்டுக்கொள்ளவும் முடியாது. விரல் பட்டால் மதிப்புப் போய்விடும் என்பதால் பிளாஸ்டிக் சிமிழுக்குள் வைத்து வெளியிலிருந்து பார்க்கலாம். அடுத்தவனுக்கும் காட்டலாம். உண்மையில் அதற்காகத்தான் வாங்குவது.

ஒரு கல்யாணத்தில் செல்லமுத்து அப்படித்தான் சட்டைப்பையிலிருந்து ஒரு சிமிழை எடுத்தார். எங்கோ ஒரு தீவு நாடு, ஆமை உருவம் போட்டு, ஐம்பதே ஐம்பது அடித்ததாம். எடை ஒரு பவுன். விலை மூன்று லட்சம்.

பந்தியில் கண்ணாயிரத்துக்குப் பாயசம் இறங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த ஆமையை செல்லமுத்தே சென்னையில் ஏலத்துக்கு விட்டார். பணமுடை ஒன்றுமில்லை. தன் காசின் விலை நாளிதழில் வருவதைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். ஏலக் கம்பெனி நாராயணசாமி தொலைபேசியில் தொகையைச் சொல்லச் சொல்ல, கண்ணாயிரம் ஆலை இரைச்சலுக்கு நடுவே, "ஏத்து! ஏத்து!" என்று கத்தினார். மூட்டை தூக்குகிறவர்கள் தங்களைத்தான் சொல்கிறார் என்று லாரியில் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆமை ஆறு லட்சத்துக்குக் கண்ணாயிரம் வீட்டுக்கு வந்தது.

அவர் மனைவி தங்கமணி சிமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? ஆமை பூந்த வூடு வெளங்குமா?"

"அது தண்ணி ஆமைடி. இது தங்க ஆமை."

"ஒரு பவுனுக்கு ஆறு லட்சமா? வித்தவன் உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

செல்லமுத்துவுக்கு மூன்று லட்சம் லாபம். ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தார். பேத்தி காதுகுத்துக்குக் கண்ணாயிரம் வைத்த விளம்பரப் பலகையைப் பார்த்ததும் அது போயிற்று. குழந்தையின் படத்தைவிட ஆமையின் படம் பெரிதாக இருந்தது. கீழே, 'ஆறு லட்சம் கண்ட ஆமை' என்று எழுதியிருந்தது. மொய் எழுதியவர்கள் எல்லாரும் ஆமையைக் கேட்டார்கள். குழந்தை அழுததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே செல்லமுத்து ஆலைக்கு வந்துவிட்டார்.

"இன்னா மில்லு, அத எனக்கே குடுத்துடேன். எட்டு தரேன்."

"குடுக்கலாம். ஆனா நேரா குடுத்தா வெல யாருக்குத் தெரியும்? ஏலத்துல வந்து எடுத்துக்கயேன்."

செல்லமுத்துவுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஏலத்தில் ஒன்பது லட்சத்துக்கு எடுத்தார். ஆறு மாதத்தில் கண்ணாயிரம் பதின்மூன்றுக்குத் திருப்பி எடுத்தார். பிறகு செல்லமுத்து பதினெட்டு. அதன்பின் கண்ணாயிரம் இருபத்தைந்து. ஆமை சாலையில் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் வாங்கியவரிடமும் விற்றவரிடமும் கம்பெனி தரகு பிடித்துக்கொண்டது. ஆமைக்காகக் கண்ணாயிரம் சங்கராபுரம் சாலை மனையை விற்றார். செல்லமுத்து லாரியை விற்றார். இருவரையும் பாராட்டிக் கம்பெனி பொன்னாடை போர்த்தியது. அந்த மேடையில் யார் நடுவில் உட்காருவது என்று அரை மணி நேரம் தகராறு. கடைசியில் நாராயணசாமியே நடுவில் உட்கார்ந்தார்.

அந்த விழாவில்தான் தங்கமணியும் செல்லமுத்துவின் மனைவி அமிர்தமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"உங்க வூட்லயும் இதே கதைதானா அக்கா?" என்றாள் அமிர்தம்.

"லாரி போச்சே, நீ இன்னா பண்ண?"

"அழுதேன். நீங்க?"

"நானும் அழுதேன். இனிமே அழ வேணாம்."

அடுத்த புதன்கிழமை இருவரும் கடைத்தெருவுக்குப் போய், சிமிழை உடைத்து, ஆமையை ஆசாரியிடம் கொடுத்தார்கள். அது உருகி ஆளுக்கு அரைப் பவுன் தோடாகத் திரும்பியது.

தங்கமணி தோட்டுடன் வந்து சோறு போட்டபோது கண்ணாயிரம் முதலில் கவனிக்கவில்லை. அவள் சொன்ன பிறகும் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் காதைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபத்தைந்து லட்சத்தில் பாதி காதில் ஆடிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி தியாகதுருகத்தில்.

வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குச் செல்லமுத்துவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இந்தத் துக்கம் வேறு யாருக்குப் புரியும்?

இருவரும் ஒரே காரில் கல்வராயன் மலைக்குப் போனார்கள். அருவிக்குப் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தார்கள்.

"நல்ல ஆமைய்யா," என்றார் செல்லமுத்து.

"ஆமா. செதில் செதிலா எவ்ளோ அழகா இருக்கும்."

கண்ணாயிரம் அவர் தோளில் கை போட்டார். செல்லமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது வருடப் பகை அந்தச் சாரலில் கரைந்துவிட்டது போலத்தான் இருந்தது.

"அம்பதுல ஒண்ணு போச்சு," என்றார் செல்லமுத்து. "இனி ஒலகத்துலயே நாப்பத்தொம்பதுதான்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். கண்ணாயிரத்தின் கை தோளிலிருந்து மெல்ல இறங்கியது. கம்மியானால் விலை ஏறும். ஏறுவதற்குள் இன்னொன்றை யார் பிடிப்பது?

"போன அடிச்சு வூட்ல சொல்லிட்டு வரேன், லேட் ஆவும்னு," என்று எழுந்தார் செல்லமுத்து.

"இங்க டவர் இல்ல. நானும் வரேன்."

கீழே மூன்றாவது வளைவில்தான் டவர் கிடைக்கும். முதலில் இருவரும் மரியாதையாக நடந்தார்கள். பிறகு கொஞ்சம் வேகமாக. முதல் வளைவில் செல்லமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். கண்ணாயிரம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கடுக்காய் மூட்டையோடு மேலே ஏறிக்கொண்டிருந்த மலைக்காரப் பெண்கள், பின்னால் கரடி துரத்துகிறதோ என்று ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

மூச்சு வாங்க இருவரும் ஒன்றாகவே வளைவைத் தொட்டார்கள். ஒன்றாகவே போனைக் காதில் வைத்தார்கள்.

நாராயணசாமியின் எண் இருவருக்கும் பிஸியாக இருந்தது. திருக்கோவிலூர் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் ஆமையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.