முதல் கவளம் தோமசாவுக்கு

திருவிழாவுக்கு இரண்டே நாள் இருக்கையில் தோமசா தன் அறை வாசலில் வந்து நிற்பாள் என்று பிரிஸ்கா கனவிலும் நினைக்கவில்லை. இரண்டு வருஷமாகச் சந்தையில் எதிரே வந்தாலும் மீன் கூடையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். இன்று கையில் ஒரு பெரிய பை. பையின் அடியிலிருந்து ரத்தத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள வரலாமாடி?"

"உக்காரச் சொல்ல இங்க நாற்காலி இல்லக்கா."

தோமசா உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிரிஸ்காவின் செத்துப்போன புருஷனுக்கு அவள் உடன்பிறந்த அக்கா. மணிலாவுக்கு வடக்கே, பம்பாங்கா மாகாணத்தில் அந்தச் சிற்றூரில் கல்யாணம், ஞானஸ்நானம் எது நடந்தாலும் பந்திச் சமையல் தோமசா வீட்டுக்குத்தான் போகும். பெயர் தோமசாவுடையது. அடுப்பில் இருபது வருஷம் வெந்தவள் பிரிஸ்கா. அந்த வீட்டுக் கரே-கரேயைத் தின்பதற்காக மணிலாவிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள். மாட்டு வாலும் குடலும் எலும்பை விட்டு நழுவுகிற பதத்தில், வறுத்த வேர்க்கடலையும் வறுத்த அரிசியும் அரைத்துவிட்ட அந்தக் குழம்புக்காக.

எல்லாம் அரிசி ஆலைக்காரி தோன்யா பெலாஹியாவின் மூத்த மகள் கல்யாணம் வரைக்கும்தான். அதற்கு முந்தின நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. ஐஸ் பெட்டியில் இருந்த குடல் நாறிவிட்டது. கொட்டுவதற்காகப் பிரிஸ்கா அதைத் தனி வாளியில் எடுத்து வைத்தாள். உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் தோமசா வாளியைக் கொப்பரையில் கவிழ்த்துக் கிளறிவிட்டிருந்தாள். பிரிஸ்காவுக்குத் தெரியாது. தெரிந்தபோது நாற்பது பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பெலாஹியாவுக்கு மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது, கோயில் படியில் நின்று தோமசா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் தம்பி பொண்டாட்டியாச்சேன்னு அடுப்பை நம்பி விட்டேன்! கை சுத்தமில்லாதவன்னு இப்பதான் தெரிஞ்சுது!"

பிரிஸ்கா சொன்னதை யாரும் கேட்கவில்லை. பாத்திரமும் தோமசாவுடையது, வீடும் தோமசாவுடையது. ஒரு வாரத்தில் அந்த வீட்டுப் பின்கட்டிலிருந்து அவள் துணிமூட்டை தெருவுக்கு வந்தது. அதற்கப்புறம் அந்த ஊரில் ஒருவர்கூட அவளை ஒரு முட்டை அவிக்கக் கூப்பிடவில்லை. 'விஷக்கை' என்று பெயர் வைத்தார்கள். லாண்டரிக் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன விஷயம்?" என்றாள் பிரிஸ்கா.

"இந்த வருஷம் திருவிழாப் பந்தி எங்க வீட்டுல. பெரிய மேஜைக்குப் பன்னெண்டு பேர். புதுச் சாமியார் கமிலோ, பெலாஹியா, அவ சம்பந்தி வீட்டுக்காரங்க. பெலாஹியாவோட ரெண்டாவது பொண்ணுக்குக் கல்யாணம் வருது. அந்தச் சமையலை நான் புடிச்சாகணும். சாமியார் வேற, பழைய கரே-கரேதான் வேணும்ங்கிறார்."

"செய்ய வேண்டியதுதானே."

தோமசா பல்லைக் கடித்தாள். "வரலடி. மூணு சமையக்காரி மாத்திட்டேன். ஒருத்தி செஞ்சா பசை மாதிரி இருக்கு, ஒருத்தி செஞ்சா கழனித்தண்ணி. நீ செஞ்சு குடு. காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கணும். பின்வாசல்ல குடுத்துட்டுப் போயிடு. யாரும் உன்னைப் பாக்க வேணாம்."

"விஷக்கையாச்சேக்கா."

"பழசை ஏண்டி கிளறுற? அடுப்படின்னா ஆயிரம் நடக்கும்." தோமசா அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அடுப்பே இல்லையே இங்க?"

வீட்டுக்காரி அறைக்குள் நெருப்பு கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மூலையில் ஒரு ஸ்லோ குக்கர் மட்டும் இருந்தது. கத்தாரில் வேலை பார்க்கிற மகள் அனுப்பியது. வெளியே தகரம், உள்ளே கனத்த பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி. முதலில் அது பிரிஸ்காவுக்கு வசப்படவில்லை. நீர் வற்றுவதே இல்லை. குழம்பு ஓடும், காய் குழையும். விசில் இல்லை, கொதிக்கிற சத்தமும் இல்லை. ஒரு வருஷம் எலும்பும் தோலும் வாங்கிப் போட்டுப் போட்டு அதன் குணத்தைப் பிடித்துவிட்டாள்.

"வெச்சுட்டுப் போங்க," என்றாள். தோமசா நன்றி சொல்லவில்லை. பிரிஸ்காவும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, தோமசா கொண்டுவந்து, ராத்திரி வீட்டுக்காரியின் ஃப்ரிட்ஜில் வைத்திருந்த வால் துண்டுகளையும் குடலையும் கல்லுப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தாள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து மூன்று தரம் ஊற்றி அழுக்கு நுரையைக் கழித்தாள். பானையில் அடுக்கி, வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்டு, துண்டுகள் மூழ்காமல் பாதிக்குமேல் தண்ணீர் விட்டு மூடினாள்.

திருகில் மூன்று குறி இருந்தது: அதிகம், குறைவு, வெதுவெதுப்பு. அவள் கை திருகை வெதுவெதுப்புக்குத் திருப்பியது.

அவள் அதைத் தெரியாமல் செய்யவில்லை. தோமசா வாசல் தாண்டிய நிமிஷத்திலிருந்து அந்த யோசனைதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க அந்தச் சூட்டிலேயே கிடந்தால் இறைச்சி வேகாது, கெட்டுப்போகும். மேலே வேர்க்கடலையை அரைத்து ஊற்றி ஒரு கொதி காட்டிவிட்டால் மூக்குக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வயிற்றுக்குத்தான் தெரியும். சாமியார் முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால், தோமசாவின் மேஜையில் பன்னிரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடுவதைக் கண்ணால் பார்த்தாள். சிரிப்பு வந்தது. வெகுநாளைக்கப்புறம் வந்த சிரிப்பு.

கால் மணி நேரம் அப்படியே விட்டாள். பிறகு சட்டென்று எழுந்து திருகை அதிகத்துக்குத் தள்ளினாள்.

பன்னிரண்டு பேர்மேல் வந்த இரக்கம் அல்ல அது. 'இப்படிச் செஞ்சா அவ சொன்னது நெசமாயிடும்' என்று தோன்றிவிட்டது. கோயில் படியில் தோமசா சொன்ன பொய்யைத் தன் கையாலேயே மெய்யாக்கிக் கொடுப்பதா? அவளுக்கு அந்த உதவியை ஏன் செய்ய வேண்டும்? பானைக்குள் சிறு சிறு குமிழி கிளம்பும்வரை பிரிஸ்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்குள் வேறொரு வழி கிடைத்துவிட்டது.

பொழுது சாயும்போது வால் எலும்பு விரல் பட்டால் கழன்றுகொள்ளும் பதம் வந்தது. எல்லாவற்றையும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஆறவிட்டு, வீட்டுக்காரியின் ஃப்ரிட்ஜில் வைத்தாள். திருவிழா அன்று விடிந்ததும் மேலே வெள்ளையாய் உறைந்திருந்த கொழுப்பை வழித்தெறிந்து, திரும்பவும் குக்கரில் ஏற்றிக் கொதிக்கவிட்டாள். நிறத்துக்குச் சிவப்பு விதையை ஊறவைத்துப் பிழிந்த நீர், உரலில் இடித்த கடலை, பக்கத்துவீட்டு அடுப்பில் சிவக்க வறுத்துப் பொடித்த அரிசி. குழம்பு கரண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றது. வாழைப்பூவையும் கத்திரிக்காயையும் காராமணியையும் வெந்நீரில் தனியே வாட்டிக் கடைசியில்தான் சேர்த்தாள்.

மகள் அனுப்பிய நீலக் கவுனைப் போட்டு, அதன்மேல் பழைய சமையல் துணியைக் கட்டிக்கொண்டாள். குக்கரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து ட்ரைசைக்கிளில் ஏறினாள். வழியெல்லாம் மேளம், தோரணம், பன்றி வாட்டும் புகை.

தோமசா பின்வாசலிலேயே காத்திருந்தாள். மூடியைத் திறந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"அதேதான்டி. சரி, நீ கெளம்பு."

"கெளம்பறேன்க்கா."

பிரிஸ்கா குழாயடியில் கையைக் கழுவினாள். சமையல் துணியை அவிழ்த்து வேலிமேல் போட்டாள். தெருவைச் சுற்றிக்கொண்டு போய் முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள். திருவிழா அன்று எந்த வீட்டிலும், வந்த ஆளைப் போ என்று சொல்ல முடியாது. எதிரியாயிருந்தாலும் தட்டு வைத்தாக வேண்டும். பெரிய மேஜைக் கோடியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பெலாஹியா அவளைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். "இவ எங்க இங்க?"

தோமசா பெரிய பீங்கான் கிண்ணத்தைச் சுமந்துகொண்டு வந்தவள் நடுவழியில் நின்றாள். ஆனாலும் சமாளித்தாள். "திருவிழாவாச்சே, யாரை வேணாம்னு சொல்றது? சாப்பிடுங்க சாமி. ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சு என் கையால செஞ்சது."

சாமியார் கமிலோ ஜெபம் சொன்னார். கிண்ணம் சுற்றி வந்தது. பக்கத்திலேயே உப்பில் ஊறிய சிற்றிறால் கிண்ணமும் வந்தது. எல்லார் தட்டிலும் குழம்பு விழுகிறவரை பிரிஸ்கா வாயைத் திறக்கவில்லை. சாமியார் கரண்டியைத் தூக்கியபோது சொன்னாள்:

"ஒரு நிமிஷம் சாமி. இதைச் சமைச்சது நான். என் அறையில, என் பானையில. அந்தப் பானை இன்னும் அடுப்படியில சூடா இருக்கு, போய்த் தொட்டுப் பாருங்க."

ஒரு கரண்டி தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. பெலாஹியா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "இவளா? நாப்பது பேரைப் படுக்க வெச்சவ சமைச்சதையா எங்களுக்குப் போட்ட தோமசா? தெரிஞ்சே போட்டியா?"

"பொய் சொல்றா!" என்றாள் தோமசா.

"பொய்யா இருந்தா நல்லது," என்றாள் பிரிஸ்கா. குரலை உயர்த்தவே இல்லை. "சமைச்சது அக்காதான்னா, முதல் வாய் அக்கா சாப்பிடட்டும். இல்ல, நான்தான்னா, என் கை சுத்தமா இல்லையான்னு அக்காவே சொல்லட்டும். கோயில் படியில சொன்ன அதே வாயால."

சம்பந்தி வீட்டுக் கிழவர் எழுந்து அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்தார். "பானை இருக்கு. அடியில கரே-கரே ஒட்டிக்கிட்டு சூடாத்தான் இருக்கு," என்றார். உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார்.

பன்னிரண்டு முகமும் தோமசாவைப் பார்த்தன. அவசரமாக ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு தரம் மென்று விழுங்கினாள்.

"சாப்பிடலாம், ஒண்ணும் ஆகாது," என்றாள். "நல்லா இருக்கு."

"எப்படித் தெரியும்?" பெலாஹியா விடவில்லை. "அன்னிக்கும் நீ நல்லா இருக்குன்னுதானே சொன்ன? விஷக்கைன்னு ஊரெல்லாம் சொன்னவ, அவகிட்டயே எப்படிச் செய்யச் சொன்ன? அவ கையில குத்தமில்லன்னு உனக்குத் தெரியும். அப்படித்தானே? அப்போ குத்தம் யார்மேல?"

தோமசா சாமியாரைப் பார்த்தாள். சாமியார் தன் தட்டைப் பார்த்தார்.

"குடல் வீணாப் போயிடும்னு... அவ கொட்டத்தான் எடுத்து வெச்சிருந்தா," என்றாள் தோமசா. "நான்தான் போட்டேன்."

வெளியே மேளக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பிரிஸ்கா தன் தட்டில் குழம்பை ஊற்றி, சோற்றைப் பிசைந்து, சிற்றிறாலைத் தொட்டுக்கொண்டு முதல் கவளத்தைத் தின்றாள். பசித்துத் தின்றாள். அதைப் பார்த்துச் சாமியார் தின்றார். கடைசியில் பெலாஹியாவும் கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு ஒரு வால் துண்டை எடுத்தாள். அவள் இரண்டாம் தரம் கேட்டு வாங்கியபோது தோமசா அங்கே இல்லை.

அடுப்படியில், மூலை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிரிஸ்கா குக்கரை எடுக்கப் போனபோது நிமிர்ந்தாள்.

"உனக்கு இப்ப நெஞ்சு குளுந்துச்சா?"

"குளுந்துச்சுக்கா."

"அவன் இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பியா? என் தம்பி?"

"அவரு இருந்திருந்தா நீங்க என் துணியைத் தெருவுல போட்டிருப்பீங்களா?"

தோமசா முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு நொடி பிரிஸ்காவின் கை அவள் தோளை நோக்கிப் போனது. இருபது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிய பழக்கம். ஆனால் தொடவில்லை. பீங்கான் பானையைக் கழுவிக் கவிழ்த்து, துடைத்து, மூடியோடு எடுத்துக்கொண்டாள்.

பெலாஹியாவின் இரண்டாவது மகள் கல்யாணத்துக்குப் பிரிஸ்காதான் சமைத்தாள். அந்தக் கல்யாணத்துக்குத் தோமசாவுக்கும் பத்திரிகை போயிற்று. அனுப்பச் சொன்னது பிரிஸ்கா. தோமசா வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டாள்.

"மன்னிச்சுட்டியா?" என்று சாமியார் ஒருமுறை கேட்டார்.

"அவங்க இன்னும் கேக்கல சாமி," என்றாள் பிரிஸ்கா, கடலையை இடித்துக்கொண்டே.