ஹார்ன் இல்லாமல் ஏறிய ஷட்டர்

1

டேப்பு ஷட்டருக்கு அடியில் பத்து விரலையும் கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் உயரம் ஏறியது. சிக்கியது. பின்னால் தரையில் ஸ்டிக்கர் கண் சொருகிக் கிடந்தாள். யாரோ அட்டையால் அவள் முகத்துக்கு விசிறினார்கள்.

"இன்னும் கொஞ்சம் தூக்குடி."

டேப்பு தோளைக் கொடுத்தாள். தகரம் கிரீச்சிட்டு மேலே போனது. காற்று உள்ளே வந்தது.

[கிழித்துப்போட்ட தொடக்கங்கள்: "கிடங்கின் கும்மிருட்டில் ஒரு நிழல்..." நடந்தது பட்டப்பகல். "அவள் பேரழகி..." அவள் படித்தால் என் வீட்டுப் படி ஏறமாட்டாள்.]

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது நான் யோசித்த கதை இல்லை. டேப்பு என் அக்கா மகள். பார்சல் கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறாள். அங்கே செய்கிற வேலைதான் பெயர். முகவரி ஒட்டுகிறவள் ஸ்டிக்கர். ஸ்டிக்கர் மயங்கி விழுந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று டேப்பு என் வீட்டுக்கு வந்தாள், கால்களை ஒரு வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"எழுதுங்க மாமா. ஆனா பொணம் வேண்டாம்."

பத்திரிகையில் நான் எழுதும் மர்மத் தொடர்களில் முதல் வாரமே ஒருவரையாவது சாய்த்துவிடுவேன். கையைக் கட்டிப்போட்டுவிட்டாள்.

2

இனி ஷட்டர். தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. வருஷத்துக்கு வருஷம் வெயில் ஏறுகிறது. கூரை மட்டும் அதே தகரம். லாரி வந்து ஹார்ன் அடித்தால்தான் ஷட்டர் ஏறும். திறந்து வைத்தால் தூசி வரும், பொருள் போகும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பூட்டு இல்லை, வெறும் தாழ்ப்பாள். அந்தப் பேச்சுதான் பூட்டு.

அதனால் ஹார்ன் கேட்டால் போதும், எல்லாத் தலையும் ஷட்டர் பக்கம் திரும்பிவிடும். ஒருநாள் ஹார்ன் கேட்டு சூப்பர்வைசர் ஓடிப்போய்த் தூக்கினார். லாரியைக் காணோம். பழைய இரும்பு எடுக்கிறவர் தன் குட்டி வண்டிக்கு லாரி ஹார்ன் மாட்டியிருக்கிறார்! சூப்பர்வைசர் அசடு வழிய நின்ற நேரம் முழுக்கக் காற்று அடித்தது. தூசியும் வரவில்லை, பொருளும் போகவில்லை.

[ஒரு விதி தவறிப்போய் மீறப்பட்டு, எதுவும் கெட்டுப்போகவில்லை என்றால், அந்த விதிக்கு அப்புறம் ஆயுசு கம்மி. இதைக் கட்டுரையாக நீட்டலாம். ஸ்டிக்கர் இன்னும் தரையில் கிடக்கிறாள், வாருங்கள்.]

3

காற்றுப் பட்டதும் ஸ்டிக்கர் எழுந்து தண்ணீர் கேட்டாள். அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"யார் தொறக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். அவ விழுந்துட்டா."

"விழுந்தா என்கிட்ட சொல்லணும்."

"சொன்னா நீங்க ஹார்ன் அடிப்பீங்களா சார்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கேமரால உன்னைப் பாத்துட்டாங்க. திங்கக்கிழமை மேனேஜர் வர்றார். அன்னிக்கும் இது ஏறுச்சுன்னா உன் வேலை போயிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அக்காவின் வீட்டில் சம்பளம் கொண்டுவருகிறவள் இவள் ஒருத்திதான்.

நான் சூப்பர்வைசருக்கு முறுக்கு மீசையும் தங்க மோதிரமும் மாட்டிவிட்டேன். டேப்பு படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவருக்கு மீசையே இல்ல மாமா. எங்களவிட அவர் சட்டைதான் நனைஞ்சிருக்கும்."

"அப்ப யாரை வில்லனாப் போடறது?"

"வெயிலைப் போடுங்க."

"வெயில் வசனம் பேசாதும்மா."

4

அந்த ஞாயிறு மாலைக்குள் மூன்று முடிவு எழுதினேன்.

முதலாவது: கூடமே திரண்டு ஷட்டரைத் தூக்குகிறது. "அத்தனை பேர் நின்னா கை வைக்க இடம் ஏது?" என்றாள் டேப்பு.

இரண்டாவது: அவளுக்கு வேலை போகிறது. "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மூன்றாவது: சூப்பர்வைசர் மனம் திருந்துகிறார். அவர் கண்களில் நீர்

[வேர்வை என்றாள். வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.]

"நாளைக்கு என்னதான் பண்ணப்போற?" என்று கேட்டேன். சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை.

5

திங்கட்கிழமை. மேனேஜர் நடுப்பகலில் வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் பின்பக்கம் போன நேரத்தில், ஹார்ன் இல்லாமல், லாரி இல்லாமல், ஷட்டர் ஏறியது. திரும்பி வந்தவர் திறந்த வாசலைப் பார்த்து முறைத்தார். மேசைகளில் ஒரு கையும் நிற்கவில்லை. டேப் கிழிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விசாரிக்க வாசலருகே போய் நின்ற மேனேஜர், காற்றுப் பட்டதும் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார். அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

தூக்கியது யார்? கூடத்தில் இருந்த மூன்று பேரிடம் கேட்டேன். இருவர் ஆளுக்கொரு பேரைச் சொன்னார்கள். மூன்றாமவள் தன்னையே சொன்னாள். நீங்கள் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த ஷட்டர் திறந்திருந்ததா என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் திறந்தே எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை டேப்பு சொன்னதை மட்டும் நான் மறைத்துவிட்டேன். தொடர் எழுதிப் பழகிய கை. மேனேஜர் கேள்வி கேட்டபோது அதைப் போட்டு உடைத்தவர் மீசை இல்லாத அந்த மனிதர்தான்.

"யார் வேலை இது? அந்த டேப் ஒட்டற பொண்ணா?"

சூப்பர்வைசர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அவ இன்னிக்கு லீவு சார். விழுந்த பொண்ணைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போயிருக்கா."