கோட்டுக்குப் பின்னால் வைத்த வெள்ளைப் பந்து

என் மனைவி சத்தியபாமாவிடம் தோற்றுத்தான் நான் அவளைக் கல்யாணம் செய்தேன். இதைச் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். வாய்ச்சண்டையில் தோற்றதாக நினைத்துக்கொள்வார்கள். அது பிறகு நடந்தது. முதலில் தோற்றது பூல் மேசையில்.

அப்போது அவள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். நான் நூலகத்துக்குக் காகிதமும் பசையும் கொண்டுபோய்க் கொடுக்கிற கண்டிக் கடைக்காரன், அழகர். ஊழியர் சங்கத்தில் ஒரு பூல் மேசை இருந்தது. வெளிநாட்டு விரிவுரையாளர் ஒருவர் ஊர் திரும்பும்போது அதைச் சங்கத்துக்கும், பந்தடிக்கிற தன் கோலை, அந்தக் கியூவை, பாமாவுக்கும் விட்டுப் போனார். ஆண்கள் எல்லோரும் பந்தை ஓங்கி அடித்துவிட்டு எங்கே போகிறதென்று வேடிக்கை பார்ப்பார்கள். பாமா மட்டும் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு அடிப்பாள். அவள் சொன்ன குழிக்குள் பந்து போய் விழும். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் குனிகிற அழகைப் பார்க்கவே நான் தேவையில்லாத பசையெல்லாம் கொண்டுபோனேன். ஒருநாள் துணிந்து அவளோடு ஆடித் தோற்றேன், பிறகு கல்யாணம்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் அந்தியில் நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை. அடுத்து மகள் பிறந்தாள், பிறகு சங்கத்து மேசையும் எங்கேயோ போய்விட்டது. கியூ எங்கள் அலுமாரிக்கு மேலே ஏறியது. வருஷா வருஷம் அவள் அதை இறக்குவாள், பழைய சேலைத் துணியை அவிழ்ப்பாள், துடைப்பாள், வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள், திரும்பச் சுற்றி ஏற்றிவிடுவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கியூவுக்கு ஈரம் பிடிக்கும் என்றிருப்பாள்.

மகள் கல்யாணமாகிப் போய், பாமாவும் ஓய்வு பெற்ற பிறகு, அக்குறணை ஊர்க்காரர் றவூப் நாநா எங்கள் தெருவில் தன் துணிக்கடைக்கு மேல்மாடியில் மூன்று பூல் மேசை போட்டார். செய்தியை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.  மறுநாள் காலை அலுமாரிக்கு மேலே பார்த்தேன். கியூவைக் காணோம். பாமா அதோடு கதவடியில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றாள்.

முதல் கிழமை முழுக்கப் பார்க்கச் சகிக்கவில்லை. குழி வாசலில் நிற்கிற பந்தைக்கூட விட்டாள். இடுப்புப் பிடித்துக்கொண்டது. எனக்கோ வாய் சும்மா இருக்காது. "கொஞ்சம் இடது பக்கமா அடி பாமா" என்றேன். றவூப் நாநா பாய்ந்து வந்தார்.

"அழகர் அண்ணே, இங்க மேசையில நிக்கிறவங்களுக்கு யாரும் வாய் குடுக்கப் படாது. போட்டியில குடுத்தா ஆடுற ஆளுக்கே ஆட்டம் தோல்வி. நம்மட மாடியில அதுதான் சட்டம்."

"நல்ல சட்டம்" என்றாள் பாமா, என்னைப் பார்க்காமலே.

கோளாறு எங்கே என்று அவளேதான் கண்டுபிடித்தாள். கையிலும் இல்லை, இடுப்பிலும் இல்லை. கண்ணாடியில் இருந்தது. வாசிக்கவும் தூரம் பார்க்கவும் சேர்த்துச் செய்த கண்ணாடி. குனிந்து பார்க்கும்போது பந்து கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் இரண்டாகத் தெரிந்திருக்கிறது. தூரத்துக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய கண்ணாடி செய்வித்தாள். ஆந்தை மாதிரி இருக்கிறாய் என்று சொன்னேன். அந்த ஆந்தை அன்றைக்கு மேசையில் இருந்த பந்தையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுத்திவிட்டு, "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டது.  இத்தனை வருஷமாக எங்கே போயிருந்தாளோ அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள் என்று தோன்றியது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்கு அவளே ஆப்பு வைத்தாள். றவூப் நாநாவின் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, இந்த வயசிலை சும்மா பொழுதுபோக்குக்குத் தட்டிக்கொண்டு நிக்க எனக்கு விருப்பமில்லை. அஸீமோடை ஒரு ஆட்டம் விளையாடுறன். தோத்தால் இந்தக் கியூவை அவனிட்டைக் குடுத்திடுவன். என்ர கைப்பழக்கம் விட்டுப்போட்டுதெண்டு கண்டால், அதோடை மேசைப் பக்கமே வரமாட்டன். பிறகு நீங்கள் இந்தக் கதை எடுக்கக் கூடாது."

அஸீம் என்பவன் பக்கத்துத் தெருவில் கைபேசி திருத்துகிறவன். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த மாடியில் அவனை யாரும் வென்றதில்லை. "வேற யாரோடயாவது ஆடேன்மா" என்று கெஞ்சினேன். அவள் கேட்டால்தானே. சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவளுடைய வீட்டிலேயே கிடையாது.

ஞாயிறு பின்னேரம் நல்ல மழை. மாடி நிறைய ஆட்கள். எங்களுக்கு முந்திய ஆட்டத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாமா பார்க்கவில்லை. ஆடுவதற்கு முன் மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்தால் கை அவர்கள் மாதிரியே போகும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பது அவள் வழக்கம். அந்த ஆட்டத்தில் ஒருவன் வெள்ளைப் பந்தையே குழிக்குள் விழுத்திவிட்டான். மற்றவன் அதை எடுத்துத் தனக்கு வசதியான இடத்தில், மேசை நடுவில், வைத்து அடித்தான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் சங்கத்தில் அப்படி இல்லை. வெள்ளை விழுந்தால், மேசைத் தலைப்பில் கீறியிருக்கிற கோட்டுக்குப் பின்னால்தான் அதை வைக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் வேறு பந்து நின்றால் அதை நேரே அடிக்கவும் கூடாது. வெள்ளை எதிர்க்கரை வரை போய்த் திரும்பி வந்துதான் அதைத் தொட வேண்டும். காலம் மாறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பாமாவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவள் எழுந்து வந்தாள். முந்தானையைச் செருகினாள். பின்னால் நின்ற பையன்கள் முதலில் சிரித்தார்கள். நாலு பந்து விழுந்ததும் சிரிப்பு நின்றது. ஐந்தாவதை அவள் இரண்டு பந்துகளுக்கு நடுவால், ஒன்றையும் தொடாமல் குழிக்குள் அனுப்பினாள். "அல்லாஹ்!" என்று றவூப் நாநாவே சொல்லிவிட்டார். அஸீமும் லேசுப்பட்டவன் இல்லை. ஒருவருக்கு ஏழு பந்து, அதன் பிறகு கறுப்பு; அதை விழுத்துகிறவருக்கு வெற்றி. பாமா தன் ஏழையும் முடித்தபோது அவனுக்கு ஒன்றுதான் மிச்சம். கறுப்பு அவளுக்கு வாகாக நிற்கவில்லை, தவறிவிட்டது. அஸீம் தன் கடைசிப் பந்தை அடித்தான். அது விழுந்தது. கூடவே வெள்ளையும் உருண்டுபோய் அதே குழிக்குள் விழுந்தது.

மேசையில் கறுப்பு மட்டும். அது தலைப்புக் கோட்டுக்குப் பின்னால், மூலைக் குழியிலிருந்து ஒரு முழத்தில் நின்றது. வெள்ளைப் பந்து இப்போது பாமாவின் கையில். நடுவில் எங்கே வைத்து அடித்தாலும் கறுப்பு விழும். நானே விழுத்துவேன். எனக்கு மூச்சு வந்தது.

பாமா நேரே தலைப்புக்குப் போனாள். வெள்ளையைக் கோட்டுக்குப் பின்னால் வைத்தாள்.

 புதுச் சட்டம் அவளுக்குத் தெரியாதென்று மாடியில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சொன்னால் அவளுக்குத் தோல்வி. நான் குடைப்பிடியைக் கடித்துக்கொண்டு நின்றேன். பல்லின் அடையாளம் இன்னும் அதில் இருக்கிறது.

அஸீமுக்கே பொறுக்கவில்லை. "மிஸ், ஒரு விஷயம் செல்லணும், அந்த வெள்ளைய..." என்று வாயெடுத்தான்.

பாமா நிமிராமலே கையை உயர்த்தினாள். "தம்பி, மேசையிலை நிக்கிற ஆளோடை கதைக்கக் கூடாதெல்லே? ஆட்டம் முடியட்டும்."

பிறகு அவள் எதிர்க்கரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கறுப்பைப் பார்த்தாள். மீண்டும் எதிர்க்கரை. அந்தக் குனிவு அப்படியே பழைய குனிவு. இடுப்பு வலி எங்கே போனதோ தெரியாது. அடித்தாள்.

வெள்ளை மேசை நீளத்துக்கும் போனது, கரையில் பட்டது, அவசரமில்லாமல் திரும்பியது. மேசையின் பாதி தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது வந்து தொடும் என்று. வந்து தொட்டது. கறுப்பு உருண்டு குழியின் உதட்டுக்குப் போனது. இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது, நின்றுவிட்டது. ஒரு ஈ உட்கார்ந்தால் விழுந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு ஈயும் இல்லை.

ஆனாலும் மாடியில் கைதட்டல் எழுந்தது. தோற்கப் போகிறவளுக்கு அப்படி யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை.

அஸீம் மேசையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தான். வேண்டுமென்றே தவறவிடலாமா என்று யோசித்தான் போல. பாமா அவனை முறைத்த முறைப்பில் அந்த யோசனை போய்விட்டது. கறுப்பை மெல்லத் தட்டி விழுத்தினான். பிறகுதான் சொன்னான்.

"மிஸ், இப்ப சட்டம் அப்பிடி இல்ல. வெள்ள விழுந்தா எங்கேயும் வெச்சு அடிக்கலாம். இது ஆட்டமே இல்ல மிஸ், திரும்ப ஆடுவோம்."

"எங்கேயுமோ?" என்று பாமா கேட்டாள். மேசை நடுவைப் பார்த்தாள். கொஞ்சம் சிரிப்பு வந்தது. "விளையாட வாற ஆள் சட்டத்தைக் கேட்டுப்போட்டு வரவேணும். நான் கேக்கேல்லை. நீர்தான் வென்றது."

கியூவைத் துடைத்தாள். நுனியில் பூசிய சோக் தூள் போகத் துடைத்து, இரண்டு கையாலும் அஸீமிடம் நீட்டினாள். அவன் வாங்க மாட்டேன் என்று பின்னால் போனான். "பிடியும் தம்பி, சொன்ன சொல்லு" என்று கையில் வைத்துவிட்டாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு இடத்தில் வெள்ளையை மாற்றி வைத்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். இனி அலுமாரிக்கு மேலே தூசிதான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் றவூப் நாநாவின் சட்டத்தின் மேல் கோபப்பட்டேன். குடையை எடுத்துக்கொண்டு, "வா பாமா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

அவள் வரவில்லை. சுவரோரம் போனாள். மாடிக்குப் பொதுவான கியூக்கள் அங்கே வரிசையாக நின்றன, நுனி தேய்ந்ததும் கோணியதுமாக. ஒன்றை எடுத்து மேசையில் உருட்டிப் பார்த்தாள். அது துள்ளியது. வைத்துவிட்டு இன்னொன்று. அதுவும் சரியில்லை. மூன்றாவது ஓரளவுக்கு நேராக உருண்டது.

"தம்பி, பந்தை அடுக்கும். இப்ப உங்கட புதுச் சட்டத்திலை விளையாடுவம்."

"தோத்தா இந்தப் பக்கமே வரமாட்டேன்னியே?" என்று நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"கைப்பழக்கம் விட்டுப்போட்டுதெண்டு கண்டால் வரமாட்டன் எண்டனான். அவ்வளவு தூரம் போன வெள்ளை திரும்பி வந்து நான் நினைச்ச இடத்திலை தொட்டுது. நீங்கள் பாக்கேல்லையே?"

"பார்த்தேன்."

"பிறகென்ன. அது சங்கத்திலை விளையாடின காலத்திலையே எனக்குச் சரிவராத அடி."

அஸீம் அவளுடைய கியூவைக் கீழே வைக்க மனமில்லாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பந்துகளை அடுக்கினான். நான் குடையை மூலையில் சாய்த்துவிட்டு, உட்காரக் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன். பாமா முந்தானையைச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இது போட்டி இல்லை. நீங்கள் இப்ப வாய் திறக்கலாம்."

திறந்தேன். "கொஞ்சம் இடது பக்கமா..." என்று தொடங்கினேன். அவள் குனிந்துவிட்டாள்.