சாணி வெளிச்சம்

பந்தலில் வரிசையாகத் தொங்கிய பெட்ரோமாக்ஸ் எதிலும் சொட்டு மண்ணெண்ணெய் இல்லை. அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு கலேவெலயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிடுவார்கள். இருட்டுக்குள் பெண்ணைக் கொடுத்தார்கள் என்ற பேச்சு மணப்பெண் மஸீனாவை ஆயுசுக்கும் துரத்தும் என்று அவளுடைய உம்மா ஜுனைதாவுக்குத் தெரியும்.

எழுபத்து மூன்றின் கடைசியில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கியபோது அவர்கள் ஊர் பல்லேபொலவில் அதிகம் குதித்தவர் அவள் புருஷன் மஹ்ரூப்தான். வெள்ளைக்காரன் இனி நம்மிடம் கையேந்துவான் என்று தேநீர்க்கடையில் மார்தட்டினார். தைப் பொங்கலுக்குள் அவரே போத்தலும் கையுமாகக் கூட்டுறவுக் கடை வரிசையில் நின்றார். உங்கள் ஆட்களுக்கு ஒரு தந்தி அடிக்கலாமே என்று பக்கத்தில் நின்றவர்கள் சீண்டினால் வானத்தைப் பார்ப்பார்.

ஜுனைதா மாட்டுக்கொட்டிலைப் பார்த்தாள். விவசாய அலுவலர் சொல்லிக்கொடுத்தபடி குழி வெட்டி, சாணியைக் கரைத்து ஊற்றி, மேலே பெரிய இரும்புப் பீப்பாயைக் கவிழ்த்தாள். வாயு சேரச் சேரப் பீப்பாய் மெல்ல எழும்பியது. அடுப்பு நீலமாய் எரிந்தது. மஹ்ரூப் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்தக் கண்றாவி கல்யாணப் பந்தல் பக்கம் வரக்கூடாது என்று கட்டளை போட்டார்.

இன்று மண்ணெண்ணெய் தேடி மாத்தளைக்குப் போனவர் காலித் தகர டின்னோடு திரும்பினார். அதற்குள் ஜுனைதா, வாங்கி ஒளித்து வைத்திருந்த வாயு விளக்குகளைப் பந்தலில் கட்டிக் குழாய் இழுத்துவிட்டாள். பந்தல் பட்டப்பகலானது. வந்து இறங்கிய கூட்டம் வாய் பிளந்தது. இது என்ன எண்ணெய் என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்க, மஹ்ரூப் காலி டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"எண்ணெய் இல்லங்க. சாணி வாயு," என்றாள் ஜுனைதா, திரைக்குப் பின்னாலிருந்து.

பந்தல் முணுமுணுத்தது. நஜீஸ், அசுத்தம் என்றார் ஒருவர். நிகாஹ் பதிவு எழுத வந்த இத்ரூஸ் லெப்பை விளக்கை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார்.

"நாம திங்கிற சோறு வெளையிறதும் சாணியிலதான். எனக்கு எழுத்து நல்லாத் தெரியுது. மாப்பிள்ளைய உக்காரச் சொல்லுங்க."

நிகாஹ் முடிந்து பலர் கூடி உண்ணும் சஹன் தட்டுகளில் சோறு வைக்கும்போது விளக்குகள் மங்கின. வாயுவின் அமுக்கம் குறைகிறது, பீப்பாய்மேல் பாரம் ஏற்ற வேண்டும், நாலு கல் தூக்கி வையுங்கள் என்று ஜுனைதா புருஷனிடம் கெஞ்சினாள். அவர் பின்பக்கம் போனார்.

வெளிச்சம் மறுபடி பொங்கியது. நன்றி சொல்லப் போனவள் கொட்டில் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். சிரிப்பும் பெருமையும் அவளுக்குத் தாங்கவில்லை. வெள்ளைச் சாரனும் புதுத் தொப்பியுமாக மஹ்ரூப் பீப்பாயின் உச்சியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கீழே வரிசையாக நின்ற விருந்தாளிகளுக்கு, குனிந்து குனிந்து கை கொடுத்துக்கொண்டிருந்தார்.